தடத்துக்குக் கொடுத்த தேனடை

இன்று காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில் பக்கம் தேங்காய் மட்டை புகைந்த வாசம், அப்பாவின் தேன்பெட்டிகள் இருந்த, இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் கிணற்று மேட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அப்போது அங்கே போக எங்களுக்கென்று தடம் கிடையாது; பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள் அக்காவின் கிளுவை வேலிக்குள் புகுந்துதான் போகவேண்டும், அவர் முள்படலைச் சாத்திவிட்டால் தேன் இல்லை என்பதால், ஒவ்வொரு முறையும் முதல் அடை அவர் மகள் தெய்வாத்தாளுக்குப் போனது. மட்டையைப் புகைத்துக்கொண்டே அப்பா, என் வயதே ஆன அவளை, "வாங்க அம்மணி, கைய நீட்டுங்க" என்பார். என்னிடம், "ஏ புள்ள, தள்ளி நில்லு, கொட்டிப்போடும்" என்பார். அவள் மெழுகைத் துப்பிவிட்டு, "உங்கொப்பா உனக்கு 'ங்க' போடமாட்டாரா?" என்று கேட்பாள்.

பிறகு மேட்டுக்குத் தென்புறம் பஞ்சாயத்தில் வண்டித்தடம் விட்டார்கள். இனி முதல் அடை எனக்குத்தான் என்றிருந்தேன். அப்பா அதை வட்டிலில் வைத்து எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் அவளைக் கூப்பிட்டார்.

"இப்பத்தான் நமக்குத் தடம் இருக்குதுங்களே, இன்னும் எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"அந்த அம்மணி கைய நீட்டியே பழகிருச்சு" என்றார் அப்பா.

நானும் அத்தனை வருஷமும், சொன்னபடி தள்ளி நின்று, கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.