மொட்டைத் துப்பாக்கியும் பல்லியும்

எங்கள் ஆபீசில் சுடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என் பக்கத்து சீட்டுக்காரி. நாங்கள் தயாரிக்கும் கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டில் எந்தத் துப்பாக்கியைத் தொட்டாலும் முதலில் அவள்தான் சோதிக்க வேண்டும். நாள் முழுக்கச் சுவரைச் சுடுவாள், தண்ணீர்த் தொட்டியைச் சுடுவாள். வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்கமாட்டாள் என்பது வேறு விஷயம்.

அந்த விளையாட்டில் மொட்டை என்று ஒன்று உண்டு. பழைய ராணுவ ரைஃபிளின் குழாயையும் கட்டையையும் ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கிய துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான். சுட்டதும் பக்கத்திலிருக்கும் தாழ் தானாகப் பின்னால் போய் வந்து அடுத்த குண்டை ஏற்றும். அதுவரை பேசாமல் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் யாரும் அதைச் சீந்துவதில்லை.

அவளுடைய அண்ணனுக்கு அதுதான் உயிர். லாரி மோதியதிலிருந்து மனிதர் படுத்த படுக்கை. வலது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றத் துப்பாக்கிகளுக்குக் கீபோர்டு, மவுஸ் என்று இரண்டு கையும் வேண்டும், மொட்டைக்கு மவுஸ் போதும். படிக்கட்டு மூலையில் ஒட்டிக்கொண்டு காத்திருப்பார், வருகிறவன் காலி. விளையாட்டில் அவருக்குப் பல்லி என்றே பேர். தோற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள்.

"திட்டட்டும். நேர்ல வர்றவங்க எல்லாம் ச்சு கொட்டிட்டுப் போறாங்க. இவனுங்கதான் என்னை மனுஷனா மதிக்கிறானுங்க" என்பார்.

போன மாதம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"மொட்டை ரொம்ப ஆட்டம் போடுதும்மா. ஏகப்பட்ட புகார். மத்தத் துப்பாக்கிங்களோட சமன் பண்ணணும்."

அவள் விவரத்தைத் திறந்து பார்த்தாள். மொட்டையை எடுப்பவர்களே கொஞ்சம் பேர். அதில் ஒருவர் மட்டும் காலையிலிருந்து இருட்டும்வரை அடித்துத் தள்ளியிருந்தார். பல்லி.

"சார், துப்பாக்கியில ஒண்ணுமில்ல. அது எங்கண்ணன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மேனேஜர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஆனா அது அவருக்குச் சாதகமா இருக்குதில்ல?" என்றார்.

சாதகமாம். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் சாதகமாக இருந்தது அது ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன செய்ய, நானும் மாதச் சம்பளக்காரன்.

இனி ஒவ்வொரு குண்டுக்கும் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தித் தாழை இழுக்க வேண்டும் என்று முடிவானது. அதை மவுசிலேயே வைக்கலாமே என்று கெஞ்சினாள். அப்படிச் செய்தால் பழையபடிதானே ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். புதுத் தாழைச் சோதிக்கிற வேலையும் அவளிடமே வந்தது. ஏதாவது குறை அகப்படாதா என்று மாய்ந்து மாய்ந்து தேடினாள். எழவு, சுத்தமாக வேலை செய்தது.

மாற்றம் வெளியான சாயங்காலம், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அண்ணன் ஒரு குண்டு சுட்டுவிட்டு மவுசைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தாழ் நகர மாட்டேங்குது. உங்க ஆபீஸ்ல யாரும் சோதிச்சே பாக்கலையா?"

"பாத்தாங்கண்ணா."

கட்டில் ஓரமாக உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் சுட்டார், அவள் அழுத்தினாள். தாழ் போய் வந்தது. எவனோ விழுந்தான், எவனோ திட்டினான். அண்ணன் சிரித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்.

"நாளைக்கு நீ வேலைக்குக் கிளம்பிட்டா?"