கடுகெண்ணெய் பட்ட பக்கம்

நியூ டவுனில் இப்போது வங்காளத்துக் காரப்பொரியான ஜால்முரியை வெள்ளைக் காகிதக் கோப்பையில் தருகிறார்கள். கடுகெண்ணெய் வாசனை மட்டும் மாறவில்லை, அது என்னை நகரின் மறுகோடியில் பெஹாலாவில் இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் வாடகை வீட்டுக்கு, அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துக் கோணி ஊசியால் தைத்து, மதியங்களில் ஓரங்களில் பென்சிலால் ஏதேதோ எழுதிக்கொண்டிருந்த ஈரச்சுவர் அறைக்கு, கொண்டுபோய்விடுகிறது. பழைய பொருள்களைக் கழிக்க உரியவரின் ஒப்புதல் வேண்டும் என்பது அப்பாவின் அலுவலக விதி. அவர் அங்கே அதிகாரி, விதிகளை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வருவார். அலமாரியில் இடம் வேண்டுமென்று அம்மா தைத்து வைத்திருந்த அத்தனையையும் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டார்.

அந்த வாரமே தெருமுனையில் அவர் வாங்கிவந்த ஜால்முரிப் பொட்டலத்தின் காகிதம் தமிழில் இருந்தது. விருந்தாளிகள் முன்னால், ஓரத்திலிருந்த அம்மாவின் பென்சில் எழுத்தைச் சத்தமாகப் படித்தார்: ‘கதாநாயகி ரயிலேறிப் போய்விட்டாள். நான் எப்போது?’

“எங்கே போறதா உத்தேசம்? சொன்னா டிக்கெட் எடுத்துத் தரேன்,” என்றார் அம்மாவிடம். எல்லோரும் சிரித்தார்கள், குழந்தைகள் நாங்களும்.

“நமுத்துப் போறதுக்குள்ள சாப்பிடுங்கோ,” என்றாள் அம்மா.

அவர் கடைசிப் பொரியைத் தின்று முடிக்கும்வரை நின்றிருந்து, காலிப் பொட்டலத்தை வாங்கிப்போய்க் கரியடுப்பில் போட்டாள். எண்ணெய் பட்ட காகிதம், நன்றாகவே எரிந்தது.