புள்ளிகளுக்குள் இருந்த எண்

என் மகளை விமானத்தில் ஏற்றியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதனாலேயே கோபம் கூடுகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி நடத்தும் அறக்கட்டளை அது. அரசுப் பள்ளிப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, சின்னப் பயிற்சி விமானத்தில் ஒருமுறை உட்கார வைத்துப் பறக்கவிடுவார்கள். ஆர்வமும் உடல் தகுதியும் இருந்தால் பைலட் படிப்பு வரைக்கும் துணை நிற்பார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அந்த வாய்ப்பு வந்தது. பறந்துவிட்டு வந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "மேலேர்ந்து பாத்தா செம்பரம்பாக்கம் ஏரி தட்டுல ஊத்தின தண்ணி மாரி கீதும்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பைலட் ஆவதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அந்தக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸைத்தான் என் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சோறு போடுகிற கம்பெனியே பெண்ணுக்கு றெக்கையும் கொடுக்கிறது என்று எங்கள் பாடி ஏரியா முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அறக்கட்டளை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனித் தம்பியிடமும் பெருமையாகச் சொல்லி வைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்தால்தானே.

அடுத்தது கண் பரிசோதனை. நானும் அந்தத் தம்பியும் கூடப் போயிருந்தோம். டாக்டரம்மா ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், நடுவில் புள்ளிகளாலேயே ஓர் எண். பின்னால் நின்றிருந்த எனக்கே பளிச்சென்று தெரிந்தது. என் மகளோ, "வெறும் புள்ளிதான் டாக்டர் இருக்கு" என்றாள். அடுத்த பக்கமும் அப்படியே. நல்லாப் பாருடி என்று முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பாவம்.

சிவப்பும் பச்சையும் அவளுக்குப் பிரிந்து தெரியவில்லை, பைலட் ஆவது கஷ்டம் என்று டாக்டரம்மா தன்மையாகவே சொன்னார். கூடவே, "பெண்களுக்கு இது ரொம்ப அபூர்வம். அப்பாவுக்கும் இருந்து, அம்மா வழியிலயும் வந்தாத்தான் வரும். அப்போ இவ அப்பாவுக்குக் கண்டிப்பா இருக்கும்" என்றார். போனைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

"அப்பா நம்ம பஸ்தானே ஓட்டறாரு?"

டாக்டரம்மா புத்தகத்தை மூடி வைத்தார்.

பிள்ளைக்கு எது வந்தாலும் அம்மா வீட்டுப் பக்கம் என்று சொல்வதுதான் என் மாமியார் வீட்டு வழக்கம். இந்த ஒன்றில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் சரிபங்கு. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சிக்னலை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இன்னாம்மே கேள்வி இது? மேல எரிஞ்சா நிப்பேன், கீழ எரிஞ்சா போவேன். எல்லாரும் அப்டித்தானே?"

நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். மகள் சின்னவளாக இருந்தபோது பாடி சிக்னலில் அவளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறார். தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். என்ன ஒரு சாமர்த்தியம் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன். வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள் நான். நூல், லைனிங், புடவை எல்லாம் என் பாடு. கலரைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருந்ததே இல்லை.

இரண்டு நாளில் தம்பி போன் செய்தான். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. திங்கட்கிழமை சாரை அதே டாக்டர்கிட்ட ஒரு செக்கப்புக்கு அனுப்புங்க. பஸ் நிறைய ஆளுங்க போறாங்க இல்லையா?" அநியாயமாக எதையாவது பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சரிங்க தம்பி என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகள் போனை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதே புத்தகத்தின் பக்கங்களை எங்கேயோ தேடிப் பிடித்திருந்தாள்.

"டாக்டர் வெச்சிருந்தது இதாம்பா. வரிசையா மனப்பாடம் பண்ணிட்டா போதும். அம்மா சொல்லட்டும், நீ படிச்சிக்கோ" என்று போனை என் பக்கம் நீட்டினாள். "மொத பக்கத்துல இன்னா நம்பர்மா?"

என்னாலதான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு என்று இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தவள் அவள். தன் விமானம் போனதற்கு அவள் அவ்வளவு அழவில்லை. கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது வேண்டும் என்று புரிந்ததும் எனக்குப் பயம் வந்தது. பஸ்ஸைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஆனால் அந்த பஸ்ஸில் ஏறும் பெண்கள் பாதிப் பேர் என்னிடம் ரவிக்கை தைப்பவர்கள். இத்தனை வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை, வாஸ்தவம்தான். அடைமழையில், முன்னால் போகிற லாரியின் பிரேக் விளக்குக்கு மேல் எது, கீழ் எது?

எண் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றேன்.

கணவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது. மகள் கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "உடு கண்ணு" என்றார். ஆணியில் மாட்டியிருந்த பஸ் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கெழம வரிக்கும் இன்னாத்துக்கு? சூப்ரவைசராண்ட இன்னிக்கே குட்த்துட்டு வந்துர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு மகள் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பிளேன் போனா போவட்டும்மா. அப்பாவுக்காவது நீ சொல்லியிருக்கலாம்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.