நேற்றுப் பிடித்த படம்

இப்போது நினைத்தால் அந்த இன்டர்நெட் சென்டரின் புழுக்கம்கூட இனிக்கிறது. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் இருந்தது. பிளைவுட் தடுப்பு, ஊதுபத்தி வாசனை, இணைப்பு கிடைக்கும்வரை கீச்சிடும் மோடம். அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து ரயிலிறங்கினால் நேராக அங்கேதான் போவேன். ஒரு மெயில் வந்திருந்தால் போதும், கால் தரையில் பாவாது.

அன்று வந்திருந்ததும் ஒரு மெயில்தான். "நேற்று நீ அங்கே உட்கார்ந்திருந்தபோது கேமரா வழியாகப் படம் பிடித்துவிட்டேன். நீளமான கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஆடை கலைந்து இருக்கிறாய். பணம் அனுப்பு, இல்லையென்றால் உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் படம் போகும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான், எவனோ கட்டையில போறவன். மானிட்டர் தலையில் உருண்டையாக ஒரு கேமரா இருக்கத்தான் செய்தது. முந்தின நாள் வெக்கை தாங்காமல் துப்பட்டாவை எடுத்து விசிறிக்கொண்டேனே! ஆட்டோ ஓட்டும் அப்பா காதுக்குப் போனால் வகுப்பும் ரயிலும் அன்றோடு சரி.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா விடுவாளா? துருவித் துருவிக் கேட்டாள். "நைனாகிட்ட சொல்லிடாதம்மா" என்று அழுதுகொண்டே, மெயிலில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"என்னிக்குப் புடிச்சானாம்?"

"நேத்து."

"கூந்தல அவுத்து விட்டுகினு இருந்தியாமா?"

"ஆங், அப்டித்தான் போட்டுகிறான்."

அம்மா என் தலையையே பார்த்தாள். அப்பாவுக்கு உடம்பு தேறியதற்காக மலையில் முடி கொடுத்திருந்தேன். தடவினால் உள்ளங்கையில் குத்துகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். பயத்தில் என் மொட்டை எனக்கே மறந்துபோயிருந்தது! அந்தப் பயல் என்னைப் பார்க்கவே இல்லை. அதே மெயிலை ஊருக்கெல்லாம் தூவியிருக்கிறான். அம்மா சிரித்த சிரிப்பில் நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தேன். பதிலும் கிடையாது, காலணாவும் கிடையாது என்று அங்கேயே முடிவாயிற்று.

சிரித்து முடித்தவள் சட்டென்று என் தாடையைப் பிடித்தாள். "முடி இருந்து, அவன் நெசமாவே புடிச்சிருந்தா? அப்பவும் எங்கிட்ட சொல்லியிருப்பியாடி?"

அவள் கையை விலக்கிவிட்டு, தட்டில் ஆறிப்போன சோற்றைப் பிசைந்தேன்.

"அனுப்பட்டும். எவனாச்சும் எங்கிட்ட வந்து காட்டினா, ஆமா, எம் பொண்ணுதான், இன்னா இப்போன்னு கேப்பேன். நீ துன்னுட்டுப் படு. காலையில ரயிலுக்குப் போவணும்."