எங்கள் வீட்டுக்கு இல்லாத சித்தம்

போதகர் ஐயா ஜெபத்துக்குக் கண்ணை மூடினதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. புதுச்சத்திரத்தில், எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மூடினார். என் மூத்த மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை, குடிக்காத பையன். அவளுக்கும் பிடித்துவிட்டது; வாயால் சொல்லவில்லை, அன்றைக்கு ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். ஆனாலும் தேவ சித்தம் தெரியாமல் எங்கள் சபையில் யாரும் கல்யாணம் பேசுவதில்லை. நான் வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் சித்தம் கேட்டுச் சொல்வதை அவரிடம் விட்டிருந்தேன்.

கண்ணைத் திறந்து, "சித்தமில்லீங்கம்மா. கர்த்தர் தடுக்கறாரு, விட்ருங்க" என்றார். மீதி மோரையும் குடித்துவிட்டுப் போனார்.

மகளிடம், "வேண்டாமாம் கண்ணு" என்றேன். "செரிங்கம்மா" என்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை. கர்த்தருக்குக் கீழ்ப்படிந்த குடும்பம் என்று எனக்கு அன்றைக்குப் பெருமைகூட இருந்தது.

அந்த மழைக்காலம்கூட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயா கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார். மாப்பிள்ளை அதே பையன். பெண், போதகரின் சொந்தத் தங்கை மகள். வழக்கம்போல, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றார். அந்த வார்த்தைக்கு எங்கள் சபையில் யாரும் எழுந்ததே கிடையாது. நான் எழுந்தேன். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆட்சேபணை இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க ஊட்டுக்கு இல்லாத சித்தம் உங்க ஊட்டுக்கு எப்ப வந்துச்சுங்க?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். "கர்த்தரோட வழி நமக்குப் புரியாதும்மா" என்றார் ஐயா.

"கர்த்தரோடது புரியலீங்க. உங்களோடது புரிஞ்சுபோச்சு."

அவர் ஓய்வு பெற்றுப் போய் வெகுகாலமாகிறது. மகளை வாழப்பாடியில் கொடுத்தேன், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் வீட்டுக்கு யார் ஜெபிக்க வந்தாலும், சித்தம் என்கிற சொல் காதில் விழுந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதற்கு நான் அவளைக் கடிந்துகொண்டதில்லை.

நான் அதே கோயிலுக்குத்தான் இன்றும் போகிறேன். அவருக்காகக் கர்த்தரை விட முடியுமா? சித்தத்தை மட்டும் இப்போது யாரையும் விட்டுக் கேட்பதில்லை. நானே முழங்கால் போட்டுக் கேட்கிறேன். பல நாள் பதிலே வராது. வராததை வந்ததாகச் சொல்லாமல், முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.