ஓடத் தகுதியான பெட்டி

காலை ஆறு மணிக்கு சோமோர் ஆம்புருஷ் தன் வீட்டின் சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பார். முதலில் ரயில்வே தொப்பியைப் போட்டுக்கொள்வார். நீண்ட காம்பு வைத்த சுத்தியலை வலது கையில் பிடித்து, குனியாமல், சக்கர விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரே ஒரு தட்டு. சத்தம் முழுவதும் அடங்கும்வரை தலையைச் சாய்த்து நிற்பார். பிறகு அடுத்த சக்கரம். நான்கும் முடிந்ததும் அச்சின் எண்ணெய்ப் பெட்டியைத் திறந்து, உள்ளே அடைத்திருக்கும் கம்பளிநூலை ஆள்காட்டி விரலால் அழுத்துவார். விரல் நுனி மினுங்கினால் மூடிவிடுவார். மினுங்காவிட்டால் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பி வெளியே வரும். அதில் அவர் எங்கிருந்தோ சேகரித்த எண்ணெய் இருக்கும். விரலை எப்போதும் கால்சட்டையின் ஒரே இடத்தில் துடைப்பார். மூன்று வருடத்தில் அங்கே பிறை மாதிரி ஒரு கறுப்புக் கறை விழுந்துவிட்டது.

அவருடைய வீடு ஒரு சரக்குப் பெட்டி. 'ஆட்கள் 40, குதிரைகள் 6' என்று பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. அதற்குக் கீழே அவர் சுண்ணாம்புக் கட்டியால் 'கோச்சார்த்' என்று தன் ஊர்ப்பெயரை எழுதி வைத்திருந்தார். புடாபெஸ்ட் சரக்கு நிலையத்தின் பின்னால், ஒதுக்குத் தண்டவாளம் ஒன்றில், அப்படி இருபத்திரண்டு பெட்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப்பெயர், பக்கச் சுவரைத் துளைத்து வெளியே வரும் ஓர் அடுப்புக் குழாய், உள்ளே ஒரு குடும்பம். அடுத்த பெட்டியில் நானும் என் அக்காவும் இருந்தோம். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் கவிதைப் பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் பெரும்பாலும் கண் அவர் மேல்தான் இருக்கும்.

எங்களுக்கு அந்தப் பக்கத்துப் பெட்டியில் கெண்டெ காஷ்பார் இருந்தார். சொந்த ஊரில் நோட்டரி, ஊரையே நிர்வகித்தவர். பெட்டிக்குள் வந்த பிறகும் 'மாண்புமிகு' போட்டுக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். சவரம் செய்துகொண்டே கத்துவார்:

"என்ன அண்ணே, வீட்டுக்கு இன்னிக்கு நாடி எப்படி?"

"நல்லா இருக்கு, மாண்புமிகு. உங்க வீட்டுக்குத்தான் வாதம் பிடிச்சுக் கெடக்கு. எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சு?"

"எனக்கே ரொட்டிக்குத் தடவக் கொழுப்பு இல்ல. அதுக்கு எண்ணெய் கேக்குதா?"

"கிளம்பற அன்னிக்கு உங்க பெட்டி அச்சு தீப்பிடிக்கும். அப்போ எங்கிட்ட வந்து அழாதீங்க."

ஊருக்குத் திரும்பக் கிளம்புகிற நாள் ஒன்று உண்டு என்பதில் எங்கள் வரிசையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. உலகப் போரில் தோற்றோம். 1920 ஜூன் நான்காம் தேதி பாரிஸ் அருகே ஓர் அரண்மனையில் இரண்டு பேர் எங்கள் நாட்டின் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு அண்டை நாடுகளுக்குப் போயிற்று. அங்கிருந்து பெட்டியோடு தப்பி வந்தவர்கள்தான் எங்கள் வரிசை. அன்று காலை நகரத்து மணிகளெல்லாம் அடித்தன, கடைகள் மூடிக் கிடந்தன. ஆனால் இவ்வளவு பெரிய அநியாயம் நீடிக்காது, அடுத்த வசந்தத்துக்குள் திருத்திவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வசந்தம் வந்தால் அதற்கடுத்த வசந்தம்.

ஆம்புருஷ் இங்கே வந்த கதையே வேறு. கோச்சார்த் ஜங்ஷனில் பத்தொன்பது வருடம் அவர் சக்கரம் தட்டிய ஆள். வண்டி வந்து நின்றதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போவார். விரிசல் இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். அவர் 'ஓடும்' என்றால் ஓடும். 'தேறாது' என்றால், உள்ளே மந்திரி உட்கார்ந்திருந்தாலும் பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். ஊர் ருமேனியர்கள் கைக்குப் போனதும், ரயில்வே ஆட்கள் எல்லோரும் புதிய ராஜா பெயரில் சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதிய ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர்தான். "ரெண்டு வரிதான் ஆம்புருஷ். சொல்லிட்டு வேலையப் பாருங்க. சக்கரத்துக்கு எந்த ராஜான்னு தெரியவா போகுது?" என்று கெஞ்சியிருக்கிறார்.

இதை எனக்குச் சொன்னபோது ஆம்புருஷுக்கு அந்த மனிதர் மேல் கோபம் எதுவும் இல்லை. "ஒரு தடவ சத்தியம் பண்ணியாச்சு, தம்பி. ரெண்டாந்தடவ பண்ணினா மொதல்ல பண்ணினது என்னாகும்? அத யாராவது சொல்லியிருந்தா பண்ணியிருப்பேன்" என்றார். யாரும் சொல்லவில்லை. ஒரு பெட்டி கொடுத்தார்கள். மனைவி போர்பாலா, இரண்டு படுக்கை, ஒரு தையல் மெஷின், நாலு மூட்டை உருளைக்கிழங்கு. எட்டு நாளில் புடாபெஸ்ட்.

போர்பாலா அத்தை உயரமானவள். பெட்டிக்குள் முழுதாக நிமிர்ந்தால் அடுப்புக் குழாயில் தலை இடிக்கும். மூன்றாவது குளிர்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்தது. சுவரின் உட்புறம் விரல் கனத்துக்குப் பனி படியும். இரவில் நெருப்பு அணைந்தால் போர்வை பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பிப்ரவரியில் டாக்டர் வந்து அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். வெளியே வந்து படியில் நின்றபடி, எனக்கும் கேட்கும்படியே சொன்னார்: "இன்னொரு குளிர்காலம் இந்தப் பெட்டியில வெச்சிருந்தீங்கன்னா, அதோட சரி."

அந்தக் கோடையில் அறை வந்தது. நகரத்து விளிம்பில் அகதிகளுக்காக அரசு கட்டிய செங்கல் வரிசையில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அதற்கு ஒரு படிவம். ஆம்புருஷ் அதைப் பெட்டியின் வாசலில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். மடித்து வைத்தார்.

"ஏங்க, பேனா தரட்டுமா?" என்றாள் போர்பாலா.

"வேணாம்."

"ஏன்?"

"நிரந்தர வசிப்பிடம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல புடாபெஸ்ட்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்."

"போடுங்களேன்."

"போட்டா, அங்க அரமணையில போட்ட கையெழுத்துக்குக் கீழ என்னோடதும் சேந்துரும், போர்பா. எல்லைக்கோடு சரியான எடத்துலதான் போட்டிருக்கு, நான் இனி இந்தப் பக்கத்து ஆளுன்னு ஆயிடும்."

"ஒரு படிவத்த அவ்வளவு தூரம் யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சிட்டேனே."

அவள் பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு, "எம் மூச்ச யாரு எண்ணப் போறா? அதுவும் நீங்கதான்" என்றாள். அவர் எழுந்து பெட்டியின் மறுபக்கம் போனார். வேளை இல்லாத வேளையில் சக்கரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். தட்டுகிற சத்தத்தோடு சேர்ந்து கேட்கக்கூடாது என்பது போல.

படிவம் திரும்பிப் போயிற்று. செப்டம்பரில் மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. எனக்கு அவர் மேல் கோபமாக இருந்தது, சொல்லத் தைரியம் இல்லை. என் அக்கா சொன்னாள். "மாமா, அத்தை போயிட்டா எந்த ஊருக்கு, யாரோட திரும்பிப் போவீங்க?" அன்றிலிருந்து அவர் தன் ஆட்டுத்தோல் கோட்டையும் அவள் படுக்கையில் போட்டுவிட்டு வெறும் சட்டையோடு தூங்கினார்.

1923 அக்டோபர் மூன்றாவது வாரம், ஹாலாஸி என்ற வண்டி ஒதுக்கீட்டு இன்ஸ்பெக்டர் கையில் ஒரு பலகையோடு எங்கள் தண்டவாளத்துக்கு வந்தார். பீட்ரூட் அறுவடைக் காலம், சரக்குப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு. இந்த வரிசையில் ஓடத் தகுதியான பெட்டிகளை ரயில்வே திரும்ப எடுத்துக்கொள்ளும், தேறாதவை இருக்கிறபடியே இருக்கும் என்று அறிவித்தார். "எடுக்கிற பெட்டியில குடியிருக்கிறவங்களுக்கு செங்கல் வரிசையில நேரடியா அறை. மனு வேணாம், படிவம் வேணாம், எங்க உத்தரவே போதும்." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்கிட்ட இன்னிக்கு ஆள் இல்ல. இங்க பழைய சக்கரத்தட்டி ஒருத்தர் இருக்காராமே?" என்றார்.

ஆம்புருஷ் உள்ளே போய்த் தொப்பியோடு வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. மூன்று வருடம் கழித்து யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதல் பெட்டியிலிருந்து தொடங்கினார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். சக்கரங்கள் துருவேறித் தண்டவாளத்தோடு ஒட்டியிருந்தன. ஒரு எண்ணெய்ப் பெட்டிக்குள் எலிக்குஞ்சுகள். தட்டும்போதெல்லாம் உடைந்த பானைச் சத்தம். "தேறாது." அடுத்தது. "தேறாது." இன்ஸ்பெக்டர் பலகையில் குறித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு 'தேறாது'வுக்கும் ஒரு வீட்டில் பெருமூச்சு. செங்கல் வரிசை கூலிக்காரர்களுக்கான இடம், தன் பதவிக்கு நகரத்துக்குள் ஃபிளாட்தான் வரும் என்று காத்திருந்த கெண்டெ காஷ்பார் தன் பெட்டியருகே வந்ததும், "அண்ணே, கொஞ்சம் மரியாதையா திட்டுங்க" என்றார்.

"பிரேக் செத்துப்போச்சு, ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கு, சக்கரம் ஒரு பக்கம் தட்டையாயிருச்சு. தேறவே தேறாது, மாண்புமிகு."

"ரொம்ப சந்தோஷம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பெட்டியும் தேறவில்லை. அடுத்தது, வரிசையின் கடைசிப் பெட்டி, அவருடையது. சிரிப்பு அங்கேதான் நின்றது. தன் பெட்டியையும் தட்ட வேண்டிவரும் என்பது அதுவரை அவருக்கே தோன்றியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். வேலையில் அவ்வளவு மூழ்கியிருந்தார். 'கோச்சார்த்' என்ற சுண்ணாம்பு எழுத்துக்கு முன்னால் சுத்தியலைத் தரையில் ஊன்றி நின்றார்.

மூன்று வருடம் கிளம்புவதற்காகவே காப்பாற்றிய பெட்டி. அந்தக் காப்பாற்றலாலேயே, இருபத்திரண்டில் அது ஒன்றுதான் போகப் போகிறது. இன்ஸ்பெக்டருக்குச் சக்கரத்தின் பாஷை தெரியாது. ஒரு வார்த்தை போதும்.

கெண்டெ காஷ்பார் அவர் தோளருகே வந்து, உதடு அசையாமல், "தேறாதுன்னு சொல்லிருங்க அண்ணே. யாருக்குத் தெரியப்போகுது" என்றார்.

போர்பாலா வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

ஆம்புருஷ் தட்டினார். முதல் சக்கரம் மணி மாதிரி பாடியது. சத்தம் அடங்கும்வரை நின்றார். இரண்டாவது. மறுபக்கம் சுற்றிப் போனார். மூன்றாவது. நான்காவதைத் தட்டிவிட்டு அவர் நின்ற நேரம், நாங்கள் எவரும் அவர் நின்று பார்த்திராத நேரம். சத்தம் எப்போதோ அடங்கிவிட்டது. எங்கோ ஷண்ட்டிங் இன்ஜின் ஒன்று கூவியது.

"ஓடும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுதினார்.

"பின்பக்கப் பிரேக் கட்டை மட்டும் தேஞ்சிருக்கு. மாத்திட்டு லோடு ஏத்தச் சொல்லுங்க" என்று சேர்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் இன்ஜின் வந்தது. தையல் மெஷினைக் கைவண்டியில் ஏற்ற நான் உதவினேன். பெட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் நகர்ந்தது. ஆம்புருஷ் சிக்னல் கம்பம்வரை அதோடு கூடவே நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். கோச்சார்த் கிழக்கே இருந்தது. அது மேற்கே போயிற்று.

செங்கல் வரிசையில் அவர்கள் பதினான்கு வருடம் இருந்தார்கள். போர்பாலாவின் இருமல் அந்தக் குளிர்காலமே பாதியாகக் குறைந்தது, அடுத்த வருடம் நின்றது. அவர் ஒரு மாவு மில்லில் எடைபோடும் வேலைக்குப் போனார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன், பிளம் ஜாம் வைத்த உருண்டை கொடுப்பார்கள். அந்த அறையின் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. கல்யாணப் படம், சிலுவை, நாள்காட்டி எல்லாம் அலமாரி மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். "ஆணி அடிச்சாத்தான் என்ன, மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓட்டை விட்டுட்டுப் போகக்கூடாதுல்ல" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். போர்பாலா சிரிக்கவில்லை. ஆணியும் கேட்கவில்லை.

கோச்சார்த்தில் இருந்த தம்பியின் சாவுக்குப் போக அவருக்கு விசா கிடைக்கவில்லை. கடிதங்களில் வரும் ஊர்ப்பெயர் ருமேனிய மொழியில் இருக்கும். உறையைத் திருப்பி வைத்துத்தான் பிரிப்பார். 1937 மார்ச்சில் தூக்கத்தில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் 'பிறந்த நாடு' என்ற இடத்தில் குமாஸ்தா ருமேனியா என்று எழுத, போர்பாலா நாற்காலியை விட்டு எழாமல் ஒரு முழு முற்பகல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து எல்லைக் கோடு நகர்ந்தது. கோச்சார்த்துக்குச் சில ஸ்டேஷன்கள் முன்பாகவே நின்றுவிட்டது. பிறகு அதுவும் பழைய இடத்துக்கே போயிற்று.

போர்பாலாவை அடக்கம் செய்த அன்று கல்லறையில் ஒரு கிழவர் தனியாக நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சொன்னார், தன் பெயர் ஹாலாஸி என்று. 1923 அக்டோபரில் எங்கள் தண்டவாளம் அவருடைய பட்டியலிலேயே இருக்கவில்லையாம். குடியிருப்புப் பெட்டிகளை யாரும் தொடக்கூடாது என்றுதான் உத்தரவு. அதற்கு முந்தைய வாரம் உயரமான ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் அலுவலகப் படியேறி வந்து, அந்த இருபத்திரண்டு பெட்டிகளையும் சோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தங்கள் பெட்டி ஒன்றுதான் தேறும் என்றும் சொல்லியிருக்கிறாள். அதற்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று இவர் கேட்டதற்கு, "அவர் கையெழுத்துப் போட மாட்டாருங்க. ஆனா அவரத் தட்டிப் பாக்கச் சொன்னீங்கன்னா, பொய்யும் சொல்ல மாட்டாரு" என்றாளாம்.