மாமியாரின் மூக்கு

எங்கள் நர்சிங் பள்ளியில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாமியார் இருந்தாள். ஆள் உயரத்துக்கு ரப்பரும் பிளாஸ்டிக்குமாகச் செய்த பயிற்சிப் பொம்மை. அவள் கையில் ஊசி போடலாம், நெஞ்சை அமுக்கி மூச்சு வரவழைக்கலாம், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குக் கஞ்சி இறக்கலாம் என்றெல்லாம் அவள் வந்த அட்டைப்பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது. யார் போடலாம், யார் இறக்கலாம் என்பதை மட்டும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள். நாங்கள் இல்லை என்பது அவள் வந்த அன்றைக்கே தெரிந்துபோயிற்று. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் படுக்கவைத்துப் பூட்டினார்கள். சாவி தாளாளரின் அரைஞாண் கயிற்றில் ஏறிவிட்டது.

மாமியார் என்று பெயர் வைத்தது எங்கள் வகுப்புதான். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பாள், ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டாள், கிட்டே போனாலும் குற்றம், தூசு தட்டாமல் விட்டாலும் குற்றம். வேறென்ன பெயர் வைப்பது? ஆயுத பூஜைக்கு அலமாரிக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினோம். ஊசியை மட்டும் கத்தரிக்காயில் போட்டுப் பழகினோம். நாங்கள் ஊசி போட்ட எந்தக் கத்தரிக்காய்க்கும் பிறகு காய்ச்சல் வந்ததில்லை. அந்த வகையில் எங்களுக்குக் கைராசி உண்டு. மறுநாள் அதே காய் ஹாஸ்டல் சாம்பாரில் மிதக்கும்.

பள்ளி இருந்த இடம் முன்பு ரைஸ் மில். உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் இருந்தது. நெல் காயவைக்கிற களம்தான் பிற்பாடு எங்கள் பிரேயர் மைதானம் ஆயிற்று. தொண்ணூறுகள் முழுக்க அந்தக் களத்தில் என் நைனா மூட்டை தூக்கினார். இரண்டாயிரம் பிறந்த கையோடு மில் முதலாளி தாளாளர் ஆகிவிட்டார். நெல்லிலாவது பதர் கழிக்கவேண்டும், படிப்பில் கழிவே கிடையாது என்று அந்த மனுஷனுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. என்னைச் சேர்க்கப் போனபோது நைனாவைப் பார்த்து, "நீ என் மூட்டையத் தூக்கின. உம் பொண்ணு என் பேரத் தூக்கட்டும்" என்று சொல்லிக் கட்டணத்தில் கொஞ்சம் தள்ளுபடி செய்தார். நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே காம்பவுண்டுக்குள் நர்சிங், ஆசிரியர் பயிற்சி, ஐ.டி.ஐ. என்று மூன்று படிப்புகள் நடந்தன. மூன்றுக்கும் சேர்த்து ஒரு செட் கம்ப்யூட்டர். எந்தப் படிப்பைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களோ, அந்தக் கட்டடத்துக்கு டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கம்ப்யூட்டர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். கம்ப்யூட்டர் போகும்போது நாங்களும் போவோம். ஆசிரியர் பயிற்சியில் தலை குறைந்தால் நாங்கள் சேலை கட்டிக்கொண்டு போய்க் குழந்தை உளவியல் வகுப்பில் உட்காருவோம். நர்சிங்கில் தலை குறைந்தால் அந்தப் பெண்கள் எங்கள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். பல துறை அறிவு என்று பெரிய பெரிய கல்லூரிகளில் பேசிக்கொள்கிறார்களாமே, நாங்கள் அதை யூனிஃபார்ம் மாற்றுகிற நேரத்தில் முடித்துவிட்டோம்.

மூன்று படிப்புக்கும் பொதுவாகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்து சேர்ந்தார். கையில் லேப்டாப். நாங்கள் கண்ணால் பார்த்த முதல் லேப்டாப் அதுதான். அவர் எடுத்தது ரிஃப்ளெக்‌ஷன் வகுப்பு. செய்த வேலையைத் திரும்ப நினைத்துப் பார்த்து அதிலிருந்து கற்றுக்கொள்வது என்று விளக்கினார். சுவரில் ஒரு வட்டம் விழும், அதைச் சுற்றி அம்புக்குறிகள் ஓடும். என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், என்ன கற்றாய், அடுத்த முறை என்ன செய்வாய். கரண்ட் போனால் வட்டமும் போய்விடும், மேடம் கையாலேயே காற்றில் வட்டம் போட்டுக் காட்டுவார். பாவம், நல்ல மனுஷிதான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நிஜமாகப் பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஐ.டி.ஐ. பையன் ஒருவன், அரத்தால் இரும்பை ராவினேன், கை வலித்தது, அடுத்த முறை மெதுவாக ராவுவேன் என்று எழுதிக் கொடுத்தான். அவர் கேட்டதற்கு அதைவிடச் சரியான பதில் ஏது? இதில் ஆழம் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டோம். பாண்டேஜ் சுற்றினாலும் சரி, பெட்பேன் கழுவினாலும் சரி, மிகவும் பெருமையாக உணர்ந்தேன் என்று எழுதினோம். அதில் ஆழம் இருந்தது போலிருக்கிறது, டிக் போட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்த காலத்தில்தான் நைனாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை, வலது கால் இரண்டும் வராமல் போயின. வாய் கோணி, பேச்சு குழறியது. ஆறு ஆள் சாப்பாட்டை ஒரு மூச்சில் சாப்பிடுகிற மனுஷனுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை, புரையேறியது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் போட்டு, கஞ்சியை அதன் வழியாகத்தான் ஊற்றவேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழாய் லேசில் நிற்காது. தும்மினால் வரும், தூக்கத்தில் கை பட்டால் வரும். வந்துவிட்டால் வண்டி பிடித்துத் திரும்பவும் காஞ்சிபுரம் போய்ப் போட்டுக்கொண்டு வருகிற வரைக்கும் அவர் பட்டினி. ஒவ்வொரு முறையும் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நர்சுக்குப் படிக்கிற பெண் வீட்டில் இருக்கும்போது எதற்குக் காஞ்சிபுரம் என்று தெருவே கேட்டது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஏனென்றால் எனக்குக் குழாய் போடத் தெரியாது. பயிற்சிக்கு அனுப்பிய ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைச் சுற்றி எங்கள் வகுப்பே நிற்கும். பின்வரிசையில் நின்ற நான் பார்த்ததெல்லாம் முன்வரிசைப் பெண்களின் கொண்டைகளை மட்டும்தான். பழகிக்கொள்ள எனக்கு வேண்டியது ஒரே ஒரு மூக்கு. அது கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது.

அடுத்த ரிஃப்ளெக்‌ஷன் வகுப்பில் என் முறை வந்தபோது எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். நைனாவுக்கு இப்படி ஆகிவிட்டது, எனக்குக் குழாய் போடத் தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது, கற்றுக்கொள்ள அலமாரிச் சாவி வேண்டும். வட்டத்தில் இருந்த அத்தனை கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. மேடம் என்னை இரக்கமாகப் பார்த்தார்.

"இது ரிஃப்ளெக்‌ஷன் இல்லம்மா. இது கம்ப்ளெயின்ட்."

உட்கார்ந்துவிட்டேன். சாவி கேட்கிற தைரியம் அவருக்கும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அவரும் அந்தப் பொம்மையைத் தொட்டதில்லை.

அந்த மாதமே எங்கள் படிப்பைச் சோதிக்கிறவர்கள் வருவதாகத் தகவல் வந்தது. டிராக்டர் ஓடியது. தலை எண்ணிக்கைக்கு ஆசிரியர் பயிற்சிப் பெண்கள் எங்கள் யூனிஃபார்மில் வந்து சேர்ந்தார்கள். என் பக்கத்தில் நின்றவள் தொப்பியைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டியிருந்தாள், நான்தான் திருப்பி வைத்தேன். தாளாளர் தன் கையாலேயே அலமாரியைத் திறந்தார். மாமியாரை மேஜைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, உருண்டுவிடக்கூடாது என்று இரண்டு கையையும் கயிற்றால் மேஜையோடு கட்டினார்கள்.

சோதிக்க வந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாராவது ஒருத்தி மூக்கில் குழாய் போட்டுக் காட்டுங்கள் என்றார். சொல்லிவிட்டு நேராக என் பக்கத்தில் நின்ற ஆசிரியர் பயிற்சிக்காரியை நோக்கி விரலை நீட்டினார். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. வாய்ப் பழக்கத்தில், "வணக்கம் குழந்தைகளே" என்று ஆரம்பித்துவிட்டாள். மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டார். தாளாளர் முகம் சுண்டிப்போயிற்று.

நான் செய்கிறேன் என்று முன்னால் போனேன். பள்ளியின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மானமாவது மண்ணாங்கட்டியாவது, எனக்கு அந்த மூக்கு கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். மாமியார் முகத்தை மூடியிருந்த உறையைக் கிழித்தேன். மூக்கிலிருந்து காது, காதிலிருந்து மேல்வயிறு என்று புத்தகத்தில் படித்தபடி குழாயை வைத்து அளவெடுத்தேன், நுனியில் ஜெல்லி தடவினேன், விட்டேன். சரசரவென்று இறங்கியது. மாமியார் இமைக்கக்கூட இல்லை. சோதிக்க வந்த அம்மாள் கை தட்டினார், பின்னாலேயே எல்லோரும் தட்டினார்கள். இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாம் என்று குழாயை உருவப் போனேன். அதற்குள் தாளாளர், அப்படியே இருக்கட்டும், பார்க்க நன்றாக இருக்கிறது என்று குழாயோடு சேர்த்து மாமியாரை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டார். எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா தும்மினார், குழாய் வெளியே வந்துவிட்டது. வண்டிக்குச் சொல்லக் கிளம்பிய அம்மாவை நிறுத்தி, நான் போடுகிறேன் என்றேன். கை தட்டல் இன்னும் என் காதில் இருந்தது. மெடிக்கல் கடையில் புதுக் குழாய் இரண்டு வாங்கி வந்தேன். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். நைனாவை மல்லாக்கப் படுக்கவைத்தேன். கையைப் பிடித்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னேன். அளவெடுத்தேன், ஜெல்லி தடவினேன், விட்டேன்.

நைனாவுக்குப் புரையேறியது. இருமினார், இருமல் நிற்கவில்லை. முகம் கறுத்துக் கண் பிதுங்கியது. வராத கையை அம்மா பிடித்திருந்தாள், வருகிற கை வந்து என் மணிக்கட்டை நெரித்தது. குழாயை உருவி எறிந்தேன். படிச்சுக் கிழிச்சது போதும், அவரைக் கொன்னுடாதடி என்று அம்மா அலறினாள். வாசலில் நின்றவர்கள் மெதுவாக நழுவினார்கள்.

மூச்சு திரும்பியதும் நைனா கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார்.

"நா இன்னா மூட்டையா? குத்தூசி உடுற மாரி உடுற."

மில்லில் நெல் வாங்க வருகிறவர்கள், உள்ளே என்ன நெல் என்று பார்க்க மூட்டையின் வயிற்றில் ஒரு இரும்புக் குழலைக் குத்தி உருவுவார்கள். அதுதான் குத்தூசி. குத்தப் போகிறேன் என்று மூட்டையிடம் யாரும் சொல்வதில்லை.

தோட்டத்துப் பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புத்தகத்தில் எல்லாம் இருந்தது. நோயாளியை நிமிர்த்தி உட்காரவை, தாடையைத் தாழ்த்தச் சொல், என்ன செய்யப் போகிறாய் என்று அவரிடம் சொல், தொண்டைக்குக் குழாய் வரும்போது விழுங்கச் சொல். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மாமியாரைப் படுக்கவைத்திருந்தார்கள், நானும் நைனாவைப் படுக்கவைத்தேன். மாமியாரைக் கட்டிவைத்திருந்தார்கள், நானும் நைனாவைப் பிடித்துவைத்தேன். மாமியாரிடம் விழுங்கு என்று சொன்னால் யார் விழுங்குவது? சொல்லாமலே விட்டேன், அதற்குக் கை தட்டினார்கள். நைனாவிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்ற அப்பன் மூக்கில் வாய் திறக்காமல் குழாயைத் திணித்திருக்கிறேன்.

உள்ளே போனேன். தலையணையும் மடித்த சாக்கும் வைத்து நைனாவை நிமிர்த்தி உட்காரவைத்தேன். அம்மாவைக் கையை விடச் சொன்னேன். இன்னொரு குழாயை எடுத்து, முதலில் அவரிடமே காட்டினேன்.

"நைனா, மூக்குல உடப்போறேன். கரகரன்னு இருக்கும். நா சொல்றப்ப எச்சிய முழுங்கு. முடிலன்னா கைய தூக்கு, எடுத்துடறேன்."

நைனா என்னை முறைத்துப் பார்த்தார், பிறகு தாடையைத் தாழ்த்தினார். குழாய் தொண்டைக்கு வந்ததும் முழுங்கு என்றேன். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு தரம் முழுங்கு நைனா என்றேன், முழுங்கினார். கை தூக்கவில்லை. நான் தள்ளவேயில்லை, அவர் விழுங்க விழுங்கக் குழாய் தானாகப் போயிற்று. சிரிஞ்சில் இழுத்தால் வயிற்றுத் தண்ணீர் வந்தது. காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டேன், புஸ்ஸென்று சத்தம் கேட்டது. அம்மா வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, விக்கி விக்கி அழுதேன்.

மறுநாள் காலை அம்மா ஒரு சீப்பு மஞ்சள் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்றேன். தாளாளர் வீட்டுக்கு, உன்னை இந்த அளவுக்குப் படிக்கவைத்தவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். எனக்கு வந்ததே கோபம். பொம்மையைப் பூட்டிவைத்த மகராசனுக்குப் பழம் ஒரு கேடா என்று கத்தினேன். இடம் கொடுத்தவர் அவர்தானே, நன்றி கெட்டுப் பேசாதே என்று அம்மாவும் கத்தினாள். சத்தம் தெருவுக்குக் கேட்டது.

நைனா வருகிற கையைத் தூக்கிப் பழத்தைக் காட்டினார்.

"பயத்த இங்க குடு."

மகளுக்குத்தான் கொடுக்கப்போகிறார் என்று நினைத்து அம்மா தட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் ஒன்றைப் பிய்த்து என்னிடம் நீட்டினார்.

"கரச்சி ஊத்து."

நான் சிரித்துவிட்டேன். கஞ்சித் தண்ணீர்தான் இறங்கும், பழத்தைக் கரைத்து ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், உருவி எடுத்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போடவேண்டும், நேற்றுப் பட்டது போதாதா என்று விளக்கமாகச் சொன்னேன்.

நைனா நீட்டிய கையை மடக்கவில்லை.

"அடச்சிக்கினா இன்னா? போட நீதான் கீறியே."